பாலத்தின் குறுக்கே படுத்தவள்

பெரிய சுமை ஏற்றிய வண்டிகளுக்கு வழி பார்த்து, அனுமதி வாங்கி, கூடவே நடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதில் சங்ககிரி வட்டாரத்தில் பாவாயியை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவளிடம் தொழில் பழக வந்த சீடருக்கோ ஐம்பத்தொன்பது. பெயர் அர்த்தநாரி. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் கால் தரிக்காத மனிதர்.

அன்றைய சுமை ஒரு டிரான்ஸ்பார்மர். வண்டியோடு சேர்த்து இருநூறு டன். நூற்றுப் பன்னிரண்டு டயர் வைத்த ட்ரெய்லர் அதை மனிதர் நடக்கும் வேகத்தில் சுமந்து வந்தது. ஓட்டியவர் தனபால், அர்த்தநாரியின் ஒரே மருமகன். அனுமதி வாங்கும் வேலையைப் பாவாயி இந்த முறை அர்த்தநாரியிடமே விட்டிருந்தாள்.

நாலுவழிச் சாலையை விட்டு வண்டி மாநிலச் சாலைக்குத் திரும்பியது. போய்ச் சேர இன்னும் ஆறு கிலோமீட்டர்தான். நடுவில் ஓடைமேல் ஒரு பழைய பாலம். பாவாயி விடிந்ததுமே அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் காத்திருந்தாள். அர்த்தநாரி கல்யாண வீட்டுக்காரர் மிடுக்கோடு விசில் ஊதிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார்.

"பர்மிட் பேப்பர் குடுங்கண்ணா" என்றாள் பாவாயி.

நீட்டினார்.

"இது டெல்லிக்காரங்க நாலுவழிச் சாலைக்குக் குடுத்தது. இந்த ரோட்டுக்கு நம்ம ஸ்டேட்டு குடுக்கறது எங்கீங்கண்ணா?"

"அது வாங்கலீங்க அம்மிணி."

"பேப்பரெல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"இவங்ககிட்டப் போனா ரோட்டப் பாக்கோணும், பாலத்தப் பாக்கோணும்னு பத்து நாளு இழுப்பாங்க. டெல்லியே சரின்னு சொன்னப்பறம் இவங்க என்னங்க சொல்றது? எங்க டிப்போவுல எம்.டி. கையெழுத்துப் போட்டுட்டா மேனேஜர் வாயத் தொறக்க மாட்டாரு."

பாவாயி தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். மாநிலச் சாலைக்கு அந்தந்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது.

"அது சும்மா எல்லாத்துலயும் போடறதுங்க" என்றார் அர்த்தநாரி.

அவள் தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். பாலத்தின் முகப்புக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

வண்டி நாற்பது அடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடினார்.

"நிறுத்துங்க மாப்ள! நிறுத்துங்க!"

பிரேக் போட்ட பிறகும் வண்டி நாலடி நகர்ந்துதான் நின்றது. அர்த்தநாரி திரும்ப ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை அவருக்கு.

"எந்திரிங்க அம்மிணி! பைத்தியமா உங்களுக்கு?"

"வண்டியை வரச் சொல்லுங்கண்ணா."

"ஆளு படுத்திருக்க எப்படிங்க வரச் சொல்றது?"

"டெல்லிதான் சரின்னு சொல்லிருச்சே."

"நீங்க இங்க படுத்திருக்கறது டெல்லிக்கு எப்படிங்க தெரியும்?"

பாவாயி எழுந்தாள். முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டாள். "கீழ வாங்க" என்று முன்னால் இறங்கினாள்.

பாலத்தின் நடுத்தூணை ஐப்பசி வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. தூணில் நெட்டுக்கு ஒரு விரிசல். அவர் கையைப் பிடித்து அதற்குள் விட்டாள். முழங்கை வரை போயிற்று.

அந்தத் தூணின் நிழலில் பக்கத்து வயலில் வேலைக்கு வந்த ஐந்து பெண்கள் உட்கார்ந்து பழையசோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்து இடம் விட்டாள்.

"வாங்கண்ணா, ஒரு வாய் சாப்பிடுங்க."

அர்த்தநாரி மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே மகளின் புருஷன். கீழே இவர்கள். நான்தானே விசில் ஊதிக் கூட்டி வந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எனக்குப் புத்தி வந்துருச்சுங்க அம்மிணி. டெல்லி பேப்பரவிட இங்கத்துப் பேப்பர்தான் பெருசு. நாளைக்கே போயி வாங்கியாந்தர்றனுங்க. அது வந்துட்டா வண்டிய விட்டரலாமுங்களா?"

"தாராளமா விட்டரலாம். மேல நின்னு நானே விடறேன்" என்றாள் பாவாயி. "வண்டி தாண்டி முடியற வரைக்கும் நீங்க இங்கயே, இவங்ககூட உக்காந்திருங்கண்ணா."