இருபத்தெட்டு வாய்கள்

கோணல் பல்லை நிமிர்த்தும் புதுக் கம்பி ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டே பேர். பேராசிரியர் தணிகாசலம் அறிக்கையில் நாற்பது என்று எழுதிவிட்டார்.

"நாளைக்கு விசாரணைக் குழு வருது. மிச்ச இருபத்தெட்டுப் பல் அச்சும் மேஜையில இருக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை" என்று ஆய்வுக்கூட ஊழியர் பிலோமினாவை மிரட்டினார்.

அன்று ராத்திரியே அவள் பிளாஸ்டரைக் கரைத்து அச்சு வார்த்தாள்.

மறுநாள் குழுத் தலைவி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இதென்ன, இருபத்தெட்டுப் பேருக்கும் முன்பல் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு? யாரும்மா இவங்க?"

பிலோமினா முன்னால் வந்தாள். "வராத ஆளோட வாய்க்கு எங்க போவேன் மேடம்? வந்த பன்னிரண்டு பேரைத் தவிர கைவசம் சாரோட பல் அச்சு ஒண்ணுதான் இருந்துச்சு."

குழுத் தலைவி திரும்பினார். "சார், கொஞ்சம் சிரிங்க, பார்க்கலாம்."

தணிகாசலம் வாயை இறுக மூடிக்கொண்டார். ஆராய்ச்சியை அன்றைக்கே மூடினார்கள்.