யானை வராத கோடை

ஆற்றோரத்து நாவல் மடுவின் கரையில் கீச்சாயி என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். மரத்திலா? இல்லை. புதரிலா? அதுவும் இல்லை. வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, கூடு என்று சொல்லவே கூச்சப்படும்படியான ஒரு சின்னக் குழியில். ஆள்காட்டிகளின் வழக்கமே அப்படித்தான். கோடை வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும். அதனால் கீச்சாயி தண்ணீருக்கு ஓடுவாள், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வருவாள், ஈரத்தோடு முட்டைகள்மேல் உட்காருவாள். ஆபத்து வந்தால் மற்றப் பறவைகள் பறந்துவிடலாம். இவளுக்கு அது முடியாது. முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே பறப்பது?

அந்த மடுவை நம்பிப் பலர் பிழைத்தார்கள். பாறையன் என்ற காட்டெருமையும் அவன் கூட்டமும் இருந்தார்கள். நாவல் மரத்து உச்சியில் நெட்டைவாலன் என்ற குரங்கு இருந்தான். புள்ளிமான்கள் இருந்தன. கோரைப்புல்லுக்குள் கோரையன் என்ற காட்டுப்பன்றி குடும்பத்தோடு குடியிருந்தான்.

இத்தனை பேருக்கும் ஒரே காவல், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த யானையார். செந்நாய்க் கூட்டம் மேட்டில் தலைகாட்டினால் போதும், எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். யானையார் ஆற்றைக் கடந்து வந்து ஒருமுறை பிளிறுவார். செந்நாய்கள் இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும். இது நெடுங்காலமாக நடந்து வந்தது. அதனால் மடுவில் யாருக்கும் காவல் காக்கத் தெரியாமலே போயிற்று. பாறையனின் அத்தனை பெரிய கொம்புகள் மரப்பட்டையில் உரசிக்கொள்ளத்தான் பயன்பட்டன!

அந்தக் கோடையில் ஒருநாள் யானையார் நட்டாற்றில் வந்து நின்றார்.

"எத்தனை காலத்துக்கு நானே ஓடி ஓடி வர்றது? அக்கரையில எனக்கும் ஆயிரம் வேலை இருக்கு. இனிமே உங்க கரையை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மான்கள் அழுதன. ஏதோ கோபத்தில் சொல்கிறார், தணிந்தால் வந்துவிடுவார் என்றான் நெட்டைவாலன். கோபத்தைத் தணிக்க ஒரு பலாப்பழத்தை அனுப்பினார்கள். யானையார் அதைத் தின்றார். இனிப்பாக இருந்தது என்று சொல்லியும் அனுப்பினார். ஆனால் வரவில்லை.

விஷயம் செந்நாய்களின் காதுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? மேட்டில் அவை வந்து படுத்துக்கொண்டன. மடுவில் அவசரமாகக் கூட்டம் கூடியது.

நாவல் மடுக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்வதானாலும் எல்லோரும் தலையாட்ட வேண்டும். ஒரே ஒரு தலை ஆடாவிட்டாலும் காரியம் அத்தோடு நின்றுவிடும். யார் முதலில் குளிப்பது, எந்தப் பக்கம் மேய்வது என்று பேசிய நல்ல காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. அப்போது அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது, எல்லோரும் சேர்ந்து நின்று செந்நாய்களை எதிர்ப்போம் என்ற பேச்சுக்கு எல்லாத் தலையும் ஆடியது, கோரையனின் தலையைத் தவிர. கழுத்தில் சுளுக்கு என்றான் முதலில். யோசிக்க வேண்டும் என்றான் பிறகு. உண்மை வேறு. செந்நாய்த் தலைவன் முந்தின நாளே அவனை ரகசியமாகப் பார்த்துப் பேசியிருந்தான். கோரையன் சும்மா இருந்தால் போதும், கோரைப்புல் பக்கம் தாங்கள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம் என்று சத்தியம் செய்திருந்தான்.

கூட்டம் பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மான்குட்டியைச் செந்நாய்கள் கவ்விக்கொண்டு போயின. தாய் மான் போட்ட அலறலைக் கேட்டுக் கூட்டம் தலைகுனிந்தது. வருத்தமாவது தெரிவிப்போம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் கோரையன் தலையாட்டவில்லை!

கீச்சாயிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாளைக்கு இது தன் முட்டைகளுக்கும் நடக்கும். அப்போதும் இவர்கள் வருத்தம் தெரிவிப்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"தலையாட்டாதவங்க ஒதுங்கி நிக்கட்டும்" என்றாள். "அதுக்காகத் தலையாட்டினவங்க காலையும் சேத்துக் கட்டணுமா? வழக்கத்தை உண்டாக்கினது நாமதானே. நாமே மாத்திக்குவோம். வர்றவங்க என் பக்கம் வாங்க."

முதலில் நகர்ந்து வந்தது அந்தத் தாய் மான். பிறகு பாறையன் வந்தான். நெட்டைவாலன் மரத்திலிருந்தே குதித்துவிட்டான். கோரையன் உறுமிக்கொண்டு கோரைக்குள் போனான்.

முடிவு எடுத்தது எளிது. பழகுவதுதான் பெரும்பாடு. நெட்டைவாலன் உச்சியிலிருந்து குரல் கொடுத்ததும் காட்டெருமைகள் தோளோடு தோள் சேர்ந்து, கொம்பு வெளியே பார்க்க வட்டமாக நிற்க வேண்டும். மான்கள் அந்த வட்டத்துக்குள் வந்துவிட வேண்டும். ஏற்பாடு இதுதான். முதல் ஒத்திகையில் நெட்டைவாலன் குரல் கொடுத்தான். மான்கள் பழக்க தோஷத்தில் நாலாபக்கமும் ஓடின. காட்டெருமைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. ஒரு கிழ எருமை மடுவிலேயே விழுந்தது. செந்நாய்கள் மேட்டிலிருந்து பார்த்து உருண்டு உருண்டு சிரித்தன. அவர்கள் விடவில்லை. சிரிப்பைக் கேட்டுக்கொண்டே மறுபடியும் மறுபடியும் நின்று பழகினார்கள். ஓடத் துடிக்கிற காலை நிறுத்தி வைப்பது மானுக்கு எவ்வளவு கஷ்டம் என்று மானைக் கேட்டால்தான் தெரியும்.

ஒருநாள் உச்சிவெயிலில் செந்நாய்கள் இறங்கி வந்தன. நெட்டைவாலன் தொண்டை கிழியக் கத்தினான். வட்டம் கூடியது. கீச்சாயியின் முட்டைக் குழிக்குப் பக்கத்திலேயே பாறையன் காலூன்றி நின்றான்.

செந்நாய்கள் சீழ்க்கையடித்துச் சுற்றின. இந்தப் பக்கம் பாய்ந்தன, கொம்பு. அந்தப் பக்கம் பாய்ந்தன, அங்கேயும் கொம்பு. ஓடுகிறதைத் துரத்தித்தான் அவற்றுக்குப் பழக்கம். ஓடாமல் நிற்கிறதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்வாங்கின. மான்கள் துள்ளிக் குதித்தன.

ஆனால் பசித்த வயிறு சத்தியத்தை எங்கே நினைத்துப் பார்க்கும்? தலைவன் சட்டென்று கோரைப்புல் பக்கம் திரும்பினான். கூட்டமும் திரும்பியது. கோரைக்குள்ளே பன்றிக்குட்டிகள் கீச்சிட்டன. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கோரையனின் குரல் கேட்டது.

நன்றாக வேண்டும் இவனுக்கு என்றுதான் கீச்சாயி முதலில் நினைத்தாள். அடுத்த நொடியே குட்டிகளின் சத்தம் அவள் நெஞ்சைப் பிசைந்தது. தலையாட்ட மறுத்தது கோரையன்தான், குட்டிகள் இல்லையே! அங்கே போக வேண்டும். போனால் இந்த வெயிலில் முட்டை என்னாகும்?

"நீ போ தங்கச்சி. வெயிலை நான் பாத்துக்கிறேன்" என்றான் பாறையன்.

உச்சிப்பொழுதில் நிழல் பக்கத்தில் விழாது. அதனால் முட்டைகள் தன் நாலு கால்களுக்கும் நடுவே இருக்கும்படி, அந்த மலை போன்ற உடம்போடு மெல்ல அடியெடுத்து வைத்து நின்றான். ஒரு கால் தவறினாலும் எல்லாம் போச்சு. கீச்சாயி அவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். பறந்தாள்.

செந்நாய்த் தலைவனின் மூக்குக்கு எதிரிலேயே போய் விழுந்தாள். ஒரு சிறகைத் தரையில் போட்டு, ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடந்தாள். ஆள்காட்டியின் பழைய தந்திரம். தலைவன் பாய்ந்தான். அவள் தத்தித் தத்தி நழுவினாள். கைக்கு எட்டுவது போலவும் இருந்தது, எட்டாமலும் இருந்தது. மொத்தக் கூட்டமும் குட்டிகளை மறந்து அவள் பின்னால் ஓடியது. அவள் நேராகக் கோரையன் புரளும் சேற்றுக்குப் போனாள். மேலே காய்ந்து ஏடு கட்டி, உள்ளே குழம்பாகக் கிடந்த சேறு அது. அவள் எடைக்கு ஏடு தாங்கியது. செந்நாய்களுக்குத் தாங்குமா? மார்புவரை இறங்கிவிட்டன.

அப்போது வந்தன பாருங்கள் காட்டெருமைகள், நிலம் அதிர! ஒரு பக்கம் கொம்புகள். இன்னொரு பக்கம் கோரைப்பற்களை நீட்டிக்கொண்டு கோரையன். மேலிருந்து நெட்டைவாலன் எறிந்த நாவல் கிளைகள். செந்நாய்கள் உருண்டு புரண்டு, சேறு வழிய வழியக் கரையேறி, மேட்டைத் தாண்டி ஓடின. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவை தலைவைத்தும் படுக்கவில்லை.

கீச்சாயி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். பாறையன் நின்ற இடத்திலேயே நின்றான். முகம் முழுக்க ஈ மொய்த்திருந்தது. கால் நகர்ந்துவிடுமோ என்று காதைக்கூட ஆட்டவில்லை. மடுவிலேயே பெரிய வீரன் சண்டையைக் கண்ணாலும் பார்க்கவில்லை. முட்டைகள் குளிர்ந்திருந்தன. கீச்சாயிக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டு யானையார் தாமதமாக ஆற்றைக் கடந்து வந்தார். செந்நாய்கள் எங்கே, யார் விரட்டியது என்று கேட்டார்.

"நாங்கதான் மாமா. வாங்க, தண்ணி குடிங்க" என்றாள் கீச்சாயி.

யானையாருக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையச் சந்தோஷம். இனிமேலும் ஆபத்தென்றால் கூப்பிடுங்கள் என்றார்.

"கூப்பிடுவோம் மாமா. ஆனா நீங்க வர்ற வரைக்கும் நிக்க எங்களுக்குத் தெரியும்" என்றான் பாறையன்.

அடுத்த கூட்டத்துக்குக் கோரையன் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தான். தாய் மான் எதிரே அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தன் குட்டிகளைக் காப்பாற்றியவர்களின் குட்டியை, தன் ஒரு தலையசைப்பில் காப்பாற்றியிருக்கலாம் என்று அவனே சொல்லி அழுதான். தாய் மான் நகர்ந்து தனக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுத்தது.

சில நாளில் கீச்சாயியின் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, தள்ளாடித் தள்ளாடித் தண்ணீரை நோக்கி நடந்தன. வழி நெடுக இருபுறமும் காட்டெருமைகளும் மான்களும் பன்றிகளும் காவல் நின்றார்கள். கீச்சாயி தலை நிமிர்த்திப் பின்னால் நடந்தாள்.

தொலைவில் இருக்கும் பலசாலியின் நட்பு நல்லதுதான் என்றாலும், பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றால்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு.