மூன்று தூதர்களும் ஒரு கற்பூரமும்

சங்குத்துறை ஒரு குட்டி நாடு. ஆனால் மூன்று பேரரசுகளின் கப்பல்களும் அங்கேதான் ஒதுங்கியாக வேண்டும். ஒருநாள் மற்ற இரண்டு தூதர்களும் உட்கார்ந்திருந்த சபையிலேயே வடபுலத் தூதர் மீசையை நீவிக்கொண்டு எழுந்தார்.

“இனி உங்கள் துறை எங்களுக்கு மட்டும்தான். இவர்கள் இருவரோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யுங்கள். மறுத்தால் பொழுது சாய்வதற்குள் ஊரைக் கொளுத்துவோம்.”

ராஜா மந்திரிகளைப் பார்த்தார். சத்தியம் செய்தால் மற்ற இருவரும் கொளுத்துவார்கள். மந்திரிகள் மும்முரமாகத் தரையைப் பார்த்தார்கள்.

கற்பூரத் தட்டு ஏந்தும் உலகம்மையின் பிள்ளைகள் துறையோரக் குடிசையில் இருந்தார்கள். அவள் கற்பூரத்தை ஏற்றி, நேரே வடபுலத் தூதரிடம் நீட்டினாள்.

“ஐயா, எங்க வழக்கத்துல சத்தியம் கேக்கிறவர்தான் முதல்ல அணைக்கணும். உங்க சக்கரவர்த்தியும் இவங்க ரெண்டு பேரோடயும் எந்தக் காலத்துலயும் சேர மாட்டார்னு சொல்லி அணைங்க. அடுத்து எங்க ராஜா.”

“தட்டுத் தூக்குகிறவளுக்கு ராஜதந்திரம் தெரியுமா?”

“தெரியாதுங்க ஐயா. கற்பூரம் தீருது, கையை வைங்க.”

தூதரின் கை அந்தரத்தில் நின்றது.

கீழைத் தூதர் கனைத்தார். “கை வைத்தால், உங்கள் சக்கரவர்த்திக்கும் எங்கள் இளவரசிக்கும் பேசி முடித்த கல்யாணம் என்னாவது?”

மேலைத் தூதர் துள்ளி எழுந்தார். “கல்யாணமா? எங்களிடமல்லவா பெண் கேட்டீர்கள்!”

கற்பூரம் தானாகவே அணைந்தது.

“இன்னொண்ணு ஏத்தட்டுமா, ஐயா?”

“வேண்டாம்” என்றார் வடபுலத் தூதர், யாருக்கும் கேட்காத குரலில்.

இரண்டு பேரரசுகளையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டு ஓர் ஊரைக் கொளுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? அன்று மாலை சங்குத்துறையில் விளக்குகள் மட்டுமே எரிந்தன.