படகில் அசைந்த முள்

இருட்டியதும் படகுக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டது. நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல.

"கேக்குதா மாஸ்டர்?" என்றாள் ஜெனோவா.

தெக்லா தலையாட்டினாள். படகு மின்வேலையில் அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆண்களும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஜெனோவா அவளிடம்தான் தொழில் படித்தாள்.

"அவருதான் வந்துருக்காரு மாஸ்டர்."

"லேயோனா? உசுரோட இருந்தப்ப ஒருநாளாச்சும் தண்ணிக்குள்ள கெடக்குற டிரைவைச் சுரண்டிக் கழுவியிருப்பானா உம் புருசன்? செத்தபெறகு வந்து சுரண்டுறானாக்கும்."

ஜெனோவா சிரிக்கவில்லை.

கடலுக்குப் போன லேயோன் திரும்பவில்லை. படகு மட்டும் வந்தது. அன்றிலிருந்து அவள் பிள்ளையோடு படகின் அறையிலேயே படுத்தாள். அன்றிலிருந்து, எஞ்சினுக்குக் கீழே தண்ணீருக்குள் தொங்கி விசிறியைச் சுழற்றும் டிரைவும் அரிபட்டுக்கொண்டே வந்தது. எஞ்சினிலிருந்து மின்சாரம் டிரைவுக்குக் கசிந்தால், உப்புத்தண்ணீர் அதைத் தின்றுவிடும்.

"டிரைவ் போனாப் போகுது மாஸ்டர். பிள்ளை... இருட்டினா ரோஸ்லின் தூக்கத்துல எந்திரிச்சு வெளிய போறா. அப்பா கூப்பிடுறாருங்கா. நேத்து ஒரு காலைத் தண்ணிக்குள்ள விட்டுட்டா. சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்."

"கதவைச் சாத்துறதுக்கென்னட்டி?"

"அவரு வந்தா?"

தெக்லா மின்கசிவு பார்க்கும் மீட்டரை நீட்டினாள்.

"மொதல்ல கசிவைக் கண்டுபிடி. முள்ளு அசைஞ்சா கசிவு இருக்கு."

ஜெனோவா மீட்டரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்தாள். மற்ற முனையை டிரைவில்.

முள் அசைந்தது.

பேட்டரி வயரைக் கழற்றினாள். அசைந்தது.

கியர் கேபிளைக் கழற்றினாள். அசைந்தது.

எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் போல்ட்டுகளுக்குப் புது பிளாஸ்டிக் உறை, புது வாஷர் போட்டாள். லேசாக, மூச்சு விடுவதுபோல, அப்போதும் அசைந்தது.

"இனி கழட்ட ஒண்ணுமில்ல மாஸ்டர். நடுவுல எதுவுமே இல்ல."

"இருக்கு."

"எங்க?"

தெக்லா இரண்டு கிளிப்புகளை எடுத்தாள். மீட்டரின் முனைகளை அந்தந்த உலோகத்தில் கவ்வ வைத்தாள்.

"இப்பக் கையை எடு."

அப்போதுதான் ஜெனோவா குனிந்து பார்த்தாள். உப்பில் நனைந்த அவள் விரல்கள் இரண்டு முனைகளின் உலோகத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தன.

எடுத்தாள்.

முள் தொடக்கத்துக்கே விழுந்தது. பிறகு அசையவில்லை.

"இவ்வளவு நேரமும் என் வழியாவா மாஸ்டர்?"

தெக்லா திறந்து கிடந்த வாசலைக் காட்டினாள்.

சுரண்டல் படகின் பக்கவாட்டில் மேலேறியது. மேல்தளத்துக்கு வந்தது. வாசலுக்கு வெளியே நின்றது.

"ஜெனோவா." லேயோனின் குரலேதான். "தொறந்துதான வச்சிருக்க?"

ரோஸ்லின் பாயிலிருந்து எழுந்தாள். கண் திறக்காமலே வாசலை நோக்கி நடந்தாள்.

ஜெனோவா திரும்பித் தெக்லாவைப் பார்த்தாள். தெக்லா, கையை எடு என்பதுபோல, தன் இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

ஜெனோவா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளை தூங்கணும்," என்றாள் இருட்டைப் பார்த்து. "நீங்க போங்க."

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.