ஓங்கிய கம்பு

மனம் கனக்கும் கதை இது, இருந்தாலும் கேளுங்கள். காடு பெரிதாகவும் ஊர்கள் சிறிதாகவும் இருந்த காலம். ஒரே வாய்க்காலை நம்பி, இக்கரையில் மேலூரும் அக்கரையில் கீழூரும் பிழைத்துவந்தன.

மேலூரில் உலகன் என்றொரு சிலம்பக்காரன். பத்து வயதில் கம்பைத் தொட்டவன், ஐம்பது வயதுவரை ஒரு நாளும் விட்டதில்லை. மழையிலும் சுற்றினான். காய்ச்சலிலும் சுற்றினான். தாய்க்குக் கொள்ளி வைத்த மறுநாளும் சுற்றினான்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மதகைத் திறப்பது யார் என்று தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றியது. கீழூர்க் கரும்பன் மண்வெட்டியை வீசினான். உலகனின் ஒரே மகன் நன்னன் அங்கேயே விழுந்து செத்தான்.

மேலூர்க்காரர்கள் கரும்பனைப் பிடித்துக் கட்டி, உலகன் காலடியில் தள்ளினார்கள். அக்கரையில் கீழூரே அரிவாளும் வேலுமாகத் திரண்டு நின்றது.

உலகன் கம்பை ஓங்கினான். இறங்கிய கம்பு கரும்பனின் நெற்றிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

மறுபடி ஓங்கினான். மறுபடியும் நின்றது.

மூன்றாம் முறை ஓங்கினான். உடம்பெல்லாம் நடுங்கியது. கை மட்டும் நடுங்கவில்லை. கம்பு நின்றது.

"அடிய்யா! நாப்பது வருசமா எதுக்குச் சுத்தின?" என்று அலறினாள் அவன் மனைவி சேந்தி.

"அடிக்க நாப்பது நாள் பழகினாப் போதும், சேந்தி. ஓங்கின கையை நிறுத்தத்தான் இத்தனை வருசம் ஆச்சு. அக்கரையில எத்தனை தாய் நிக்கிறா, பாரு."

அன்று மாலை வாய்க்கால் கரையில் ஒரே ஒரு சிதைதான் எரிந்தது.

மறுநாள் கரும்பனை உலகனே அரசனிடம் நடத்திச் சென்றான். வழியில் கரும்பன் தண்ணீர் கேட்டான். உலகன் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, சுரைக்குடுவையை நீட்டினான். அரசன் வழக்கை விசாரித்துக் கரும்பனை நாடு கடத்தினான்.

எரியாமல் போன சிதைகளுக்காக உலகனுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. மேலூர் அவனைக் கோழை என்றது. சேந்தி வேளை தவறாமல் சோறு போட்டாள். சாகும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மகனின் நினைவு தினமும் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. தினமும் உலகன் களத்தில் இறங்கிக் கம்பைச் சுற்றினான்; சுற்றிக்கொண்டே அழுதான்.

கேட்டவர்களே, வாழ்நாள் முழுக்கப் போர்க்கலை பழகுவது, கோபம் தலைக்கேறும் அந்த ஒரு நொடியில் நம் கை நம் சொல்லைக் கேட்பதற்காகவே.