கன்று இழுக்கும் கயிறு

கால்நடை மருத்துவர் செண்பகவல்லியிடம் தொழில் பழக வந்த இருதயராஜ், அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சீடர் குருவை 'மேடம்' என்பார். குரு சீடரை 'அண்ணே' என்பார். ஊர்க்காரர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. மாடு பிழைத்தால் போதும் அவர்களுக்கு.

இருதயராஜும் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய கால்நடை மருத்துவர்தான். ஆனால் பாதி வயதைக் கோழித் தீவனக் கம்பெனி ஒன்றின் ஏசி அறையில் கழித்துவிட்டார். உயிருள்ள மாட்டைத் தொட்டு வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, இந்த மலையடிவார மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தார். இப்போது அந்த ஆசையே அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

ஒருநாள் காலையில் மருந்தகக் கதவைத் திறந்ததும் கேட்டார்.

"மேடம், எந்திரிக்காத மாட்டுக்கு இன்னும் என்ன மருந்து பாக்கி இருக்கு?"

"எந்த மாடு?"

"ஓச்சம்மா வீட்டுப் பசு. கன்னு போட்டதுலேர்ந்து படுத்தே கெடக்கு."

"என்ன குடுத்தீங்க?"

சொன்னார். எல்லாம் சரியான மருந்துகள், சரியான அளவு. செண்பகவல்லிக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

"ஓச்சம்மா என்ன சொல்றாங்க?"

"போதும்ங்கிறாங்க. நான்தான் இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்ங்கிறேன்."

"எப்பலேர்ந்து இந்த ரெண்டு நாளு?"

இருதயராஜ் தரையைப் பார்த்தார். "எப்ப நிறுத்தணும்னு நீங்க எப்படி மேடம் தெரிஞ்சுக்கிறீங்க?" என்றார்.

செண்பகவல்லி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

வண்டியில் போகும்போது இருதயராஜுக்கு ஓச்சம்மா பசு கன்று போட்ட நாள்தான் நினைவில் ஓடியது. அன்றைக்குக் கன்று பெரிது, வழி சிறிது. முன்னங்கால்களில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பசு முக்கும்போது இழுக்க வேண்டும், அது ஓயும்போது பிடியைத் தளர்த்த வேண்டும். படிக்கிற காலத்திலேயே மனப்பாடம் செய்த பாடம் அது. கன்று செத்துவிடுமோ என்ற பயத்தில் பாடம் பறந்துவிட்டது. "விடாதீங்க, இழுங்க, இழுங்க" என்று அவர்தான் கத்தினார். பசு மூச்சு வாங்கி ஓய்ந்த நேரத்திலும் இழுத்தார்கள். கன்று உயிரோடு விழுந்தது. தாயின் இடுப்புக்குள் கால் நரம்பு நசுங்கிவிட்டது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கன்று இழுக்கும் கயிற்றைக் கிணற்றில் வீசிவிட்டார். அதன்பிறகு பேறுகாலத்துக்கு யார் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லி மேடத்தை அனுப்பிவைத்தார்.

ஓச்சம்மாவின் மாட்டுக் கொட்டத்தில் பசு வைக்கோல்மேல் கிடந்தது. தொடையில் புண் வைத்திருந்தது. ஓச்சம்மா வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கன்று துள்ளிக்கொண்டு நின்றது.

இருதயராஜ் பழக்க தோஷத்தில் ஊசி மருந்தை எடுக்கப் போனார். செண்பகவல்லி அவர் கையைத் தட்டவில்லை, தடுக்கவும் இல்லை. பசுவின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கைப்பிடி பசும்புல்லை அதன் வாயருகே வைத்தார். பசு மோந்துகூடப் பார்க்கவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஓச்சம்மா, அசைபோடுதா?"

"முந்தாநாளே நிறுத்திருச்சும்மா."

இருதயராஜின் கை மருந்துப் பெட்டிக்குள்ளேயே நின்றது. நேற்றும் வந்தார், முந்தாநாளும் வந்தார். சுரம் பார்த்தார், நாடி பார்த்தார், புரட்டிப் போட்டார். இதைக் கேட்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லலையே, ஓச்சம்மா?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு இருந்துட்டேன்யா. வர்றப்ப எல்லாம் உங்க மொகத்தப் பார்க்கச் சகிக்கல."

அதற்குமேல் இருதயராஜால் அடக்க முடியவில்லை. "நான்தான் ஓச்சம்மா இதைக் கெடுத்தேன். அது ஓஞ்சப்பவும் இழுக்கச் சொன்னேன். அதனாலதான் கால் போச்சு."

ஓச்சம்மா வேப்பங்கொத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்யா. கயித்துல ஒரு பிடி நானும்தான பிடிச்சிருந்தேன்."

நரைத்த மனிதர், படித்த மனிதர், கொட்டத்துச் சாணியில் மண்டியிட்டு விம்மி அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. கன்று வந்து அவர் சட்டைக் கையைச் சப்பிப் பார்த்தது.

செண்பகவல்லி கடைசி ஊசிக்கான மருந்தை எடுத்தார். ஓச்சம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இருதயராஜ் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே போடுங்கய்யா. உங்க கை இந்தப் பசுவுக்குப் பழகிப்போச்சு."

அவரே போட்டார். ஓச்சம்மா பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பசு ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது, அவ்வளவுதான். ஓச்சம்மா கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மாடு வீட்டை விட்டுப் போனாலும் கயிற்றை வெளியே விடும் வழக்கம் அங்கே கிடையாது. அதைக் கழுவிக் கொண்டுவந்து, சின்னதாகச் சுற்றிக் கன்றின் கழுத்தில் கட்டினாள்.

தெருவுக்கு வந்ததும் இருதயராஜ் சொன்னார்.

"நான் பழைய கம்பெனிக்கே போயிடலாம்னு பார்க்குறேன், மேடம்."

செண்பகவல்லி வாய் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கீழ்த்தெருவிலிருந்து பேசினார்கள். கிடேரி, தலையீத்து, முதல் கன்று. காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் குளம்பு மட்டும்தான் வெளியே தெரிகிறது.

"இந்தா வர்றோம்" என்று சொல்லி போனை வைத்தார். பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கயிற்றை எடுத்து இருதயராஜிடம் நீட்டினார். துவைத்துத் துவைத்து நைந்த கயிறு.

இருதயராஜ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னால ஆகாது, மேடம். எப்ப நிறுத்தணும்னு காலையில கேட்டேன். அதுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லல."

செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக் கயிற்றை அதில் வைத்தார்.

"அது முக்கும்போது இழுங்கண்ணே. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க."