இழுப்பறையில் ஒரு பேட்ஜ்

ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடம். பயிர் மண்ணிலிருந்து எதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு அங்கே ஆராய்ந்தார்கள். பின்கட்டில் கழிவு அறை இருந்தது. சோதனையில் மிஞ்சிய குப்பிகளும் கையுறைகளும் மஞ்சள் பையில் கட்டி அங்கேதான் வரும். தேதி எழுதி, ஈயச் சுவருக்குப் பின்னால் அடுக்கி, வீரியம் அடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, பையிலுள்ள எச்சரிக்கைக் குறியைக் கிழித்த பின்புதான் வெளியே அனுப்பலாம்.

அந்த வேலைக்கு ஏழு பேர் முறை போட்டிருந்தார்கள். அதில் ஆறு பேருக்கு, தங்கள் முறை வரும் நாள் பார்த்துச் சரியாக வயிற்றுவலி வந்துவிடும்.

ஏழாவது ஆள் குணபாலன். வயது ஐம்பத்திரண்டு. மனைவி இறந்த மறு வருடம் மாற்றலாகி வந்தவர். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பாதுகாப்பு அதிகாரி ஹசீனா, அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். வயது தலைகீழாக இருந்ததால் இருவரையும் குரு, சீடர் என்று கேன்டீனில் கேலி செய்தார்கள். குணபாலனுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. கேலி செய்யவாவது ஆள் இருக்கிறதே.

ஒருநாள் அவர் கேட்டார்.

"மேடம், இந்த வேலைக்கு எதுக்கு ஏழு பேர்? நான் ஒருத்தனே பாத்துக்கிறேனே."

ஹசீனா அவர் சட்டைப் பையில் மாட்டியிருந்த பேட்ஜைத் தொட்டுக் காட்டினார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆள்மேல் படும் கதிர்வீச்சை அது தனக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை வெளியூருக்கு அனுப்பி அளந்து வாங்குவார்கள்.

"பதில் இதுல வரும் சார்."

வந்தது. மற்ற ஆறு பேருக்கும் வந்ததைக் கூட்டினாலும் குணபாலனுக்கு வந்த எண்ணை எட்டவில்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தா உங்களை அந்த ரூமுக்குள்ள விடமாட்டேன்."

"சரிங்க மேடம்."

சரி என்று சொன்னவர்தான். மறுநாளே அந்த ஆறு பேரில் ஒருவன் வராந்தாவில் ஓடி வந்து, "அண்ணே, இன்னைக்கு மட்டும்ணே" என்றான். அந்த 'அண்ணே'யை அவரால் தட்ட முடியவில்லை. பேட்ஜைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் முடிந்து ஹசீனா பேட்ஜைக் கேட்டபோதும் இழுப்பறையைத் திறந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த அறிக்கை வந்த அன்று ஹசீனா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், கழிவு அறைக்குள் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைப் பார்த்தார். மாலை நான்கு மணிக்குக் கேன்டீனுக்கு நடந்தார்.

குணபாலன் ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படித்தான். வராந்தாவில் அண்ணே என்று ஓடி வருகிறவர்கள் டீ குடிக்க மட்டும் வேறு மேசைக்குப் போய்விடுவார்கள். "அந்த ரூம்லேர்ந்து வர்றாருப்பா" என்று பாதி விளையாட்டும் பாதி பயமுமாகச் சொல்வார்கள். அது அவர் காதிலும் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வார்.

ஹசீனா மூன்று டீ வாங்கி வந்தார். ஒன்றை அவர் முன்னால் வைத்தார், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டார். மூன்றாவதைக் காலி நாற்காலிக்கு எதிரே வைத்து, அந்த டம்ளர்மேல் ஒரு பேட்ஜைச் சாய்த்து நிறுத்தினார். குணபாலனின் பெயர் எழுதிய பேட்ஜ்.

"அது யாருக்கு மேடம்?"

"மூணு மாசமா உங்க டிராயர்ல உக்காந்திருந்தவருக்கு."

குணபாலன் டீயை எடுக்கப்போன கையை இழுத்துக்கொண்டார்.

"ஆபீஸ் பீரோவுல ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னு ஒரு பேட்ஜ் இருக்கு. அது எந்த ரூமுக்கும் போனதில்ல. அதுக்கு வந்த எண்ணும் உங்களுக்கு வந்த எண்ணும் ஒண்ணு. கழிவு ரூம் நோட்டுல உங்க கையெழுத்து நாப்பத்தோரு இடத்துல இருக்கு. அந்த நோட்டை நான் முன்னாடியே பாத்திருக்கணும், பாக்கல. அது என் தப்பு."

"உடம்புக்கு ஒண்ணும் செய்யல மேடம்."

"அதை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது டிராயர்ல கிடந்துச்சு. நாளைக்குக் காலையில ரத்தப் பரிசோதனை. அடுத்த மூணு மாசம் அந்த ரூம் பக்கம் நீங்க வரக் கூடாது. முறை எழுதற பலகையில உங்க பேரை அழிச்சுட்டு என் பேரை எழுதிட்டேன். மத்த ஆறு பேரும் அவங்கவங்க நாளுக்கு வந்தாகணும்."

பக்கத்து மேசையில் எதற்கோ சிரித்தார்கள். குணபாலன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தான் அவர் இத்தனை நாள் பயந்திருந்தார்.

"வீட்டுக்குப் போனா பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது மேடம். இங்க வந்தா, அந்த ரூமுக்காகவாவது 'அண்ணன் எங்க, அண்ணன் எங்க'ன்னு கேப்பாங்க. அது எனக்குப் போதும்னு இருந்தேன். இனிமே என்னை யாரு தேடுவாங்க?"

மூன்றாவது டீயில் ஆடை படிந்துவிட்டது. ஹசீனா பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பிரித்து, அவர் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினார்.

"நான் தேடினேன் சார். இதுல நீங்க இல்ல."